ஸ்பிளைன்: ‘நேர்புரி’யா, ‘கவ்வுபல்’லா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்பிளைன் (spline) என்பது ஒரு தண்டும் அதன்மேல் பொருந்தும் பிடி போன்ற பகுதியும் ஒன்றாகச் சுழலும்படி இரண்டையும் பிணைக்கும் நேரான பற்கள். இதற்கு ‘நேர்புரி’ எனலாம் என்று நம் குழுவின் ஐயா ஒருவர் சென்ற மடலில் முன்மொழிந்திருந்தார். சுருக்கமான சொல்தான், ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. புரி என்றாலே முறுக்கு. வலம்புரிச் சங்கும் முப்புரி நூலும் அப்பொருளில் அமைந்த பெயர்கள். திருகாணியைச் சுற்றி ஓடும் மரையைப் புரி என்பது அதனால் பொருந்துகிறது. தண்டின் நீளவாக்கில் நேராக ஓடும் பற்களை அவ்வாறு அழைத்தால் ‘நேரான முறுக்கு’ என்றாகிவிடும்.

இவ்வேறுபாட்டை நான் உணர்ந்தது எங்கள் குளியலறையில். ஷவர் குழாயின் பிடி சும்மா சுற்றியதே தவிர நீர் வரவில்லை. பார்க்க வந்த பிளம்பர் “மரை போயிடுச்சு” என்றார். நானும் கடையில் அதையே சொல்ல, கடைக்காரர் முழுக் குழாயையே எடுத்து வைத்தார். வாங்காமல் திரும்பி வந்து, பிடியின் மூடியை நெம்பி, உள்ளிருந்த திருகைக் கழற்றிப் பிடியை உருவியபின், பித்தளைத் தண்டை இடுக்கியால் மெல்லத் திருப்பிப் பார்த்தேன். நீர் ஒழுங்காகத் திறந்து மூடியது. தண்டின் பற்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவற்றைக் கவ்வ வேண்டிய, பிடியின் உட்புறப் பிளாஸ்டிக் பற்களே மழுங்கியிருந்தன. மாற்ற வேண்டியது பிடி மட்டுமே. அதிலும் பற்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டும். 20 பல் தண்டில் 24 பல் பிடி பொருந்தாது.

ஆகவே தண்டின்மேல் இருப்பதைத் ‘தண்டுப்பல்’ என்றும், பிடியின் குழிக்குள் இருப்பதைக் ‘குழிப்பல்’ என்றும், இரண்டையும் பொதுவாகக் ‘கவ்வுபல்’ என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. (கவ்வுபல் வினைத்தொகை ஆதலால் ஒற்று மிகாது, ஊறுகாய் போல.) குழிப்பல் தேய்ந்துவிட்டது என்று கடையில் சொன்னால், எந்தப் பகுதி பழுது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

பற்சக்கரத்தின் பல்லோடு இது குழம்பாதா என்று யாரேனும் கேட்கக்கூடும். பற்சக்கரங்களின் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு விலகுபவை. இவையோ சுற்றிலும் ஒருசேரக் கவ்வியபடி, தண்டும் பிடியும் ஒன்றாகவே சுழலச் செய்பவை. ‘கவ்வு’ என்னும் அடைமொழி அதற்காகவே.

கணிதத்தில் வளைகோட்டைக் குறிக்கும் ஸ்பிளைனுக்கு இச்சொல்லை நீட்ட வேண்டாம். அங்கே கவ்வுவதற்கு எதுவுமில்லை. சதுரத் தண்டு கொண்ட குழாய்களுக்கும் இது பொருந்தாது. கவ்வுபல்லுக்குத் ‘தேய்தல்’, ‘மழுங்குதல்’ ஆகிய வினைகளையே ஆளலாம். ‘கழலுதல்’ மரைக்கே இருக்கட்டும்.