மறு: ‘ரிவிஷன்’ – சீராய்வா, மறுஆய்வா? (வெள்ளிக்குள் வேண்டும்)

நண்பர்களே,
சட்ட மாணவர் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு மாதிரி வழக்கு: சுங்க அதிகாரி 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் (தீர்வை ஏய்ப்பு, கடத்தல்) மாஜிஸ்திரேட்டிடம் கம்ப்ளெயின்ட் கொடுக்கிறார், தள்ளுபடி, செஷன்ஸ் கோர்ட்டில் ரிவிஷன். ரிவிஷனுக்குச் ‘சீராய்வு’ என்று போட்டேன். ஆனால் உச்ச நீதிமன்ற ரிவ்யூவையும் செய்தித்தாள்கள் சீராய்வு என்றே எழுதுகின்றனவே?
– க.

க. அவர்களுக்கு,
தீர்ப்புச் சொன்ன கோர்ட்டே அதைத் திரும்பப் பார்த்தால் ரிவ்யூ. மேல் கோர்ட் கீழ்க்கோர்ட்டின் வழக்குக் கட்டை வரவழைத்து, உத்தரவு சட்டப்படி சரியா, முறையா என்று பார்த்தால் ரிவிஷன். குற்ற வழக்கில் கையெழுத்தான தீர்ப்பை, எழுத்துப்பிழை கணக்குப்பிழை தவிர, அதே கோர்ட் தொட முடியாது. ‘மறுஆய்வு’ என்று அச்சிட்டால் மாணவர் அதே மாஜிஸ்திரேட் முன்னால் போய் நிற்பார். மனுக்களில் ‘குற்றவியல் சீராய்வு மனு’ என்றே தட்டச்சாகிறது. அதை விடவேண்டாம்.
– செ.

சீராய்வு என்பதைச் ‘சீராக்க ஆய்வு’ என்று விரிப்பது தவறு. சீரை ஆய்தல், இரண்டாம் வேற்றுமைத் தொகை. ரிவிஷனுக்கு அச்சாகப் பொருந்துகிறது. என் உறுத்தல் ‘சுங்கம்’. ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்கிறது குறள் (756), உல்கு என்றால் சுங்கம். உல்குத் துறை என்று எழுத என்ன தயக்கம்? ‘கடத்தல்’ என்பதும் போதாது. பறிமுதலுக்கு உள்ளாக்கும் எந்தச் செயலும், செய்யாமையும்கூட, சட்டத்தில் அதுதான் (பிரிவு 2(39)). பொருள் நகர வேண்டியதே இல்லை.
– ஞா.

ஐயா, குலோத்துங்கனே ‘சுங்கம் தவிர்த்த சோழன்’தான், ‘உல்கு தவிர்த்த’ அல்லன். தொள்ளாயிரம் ஆண்டு போதாதா?
– செ.

உல்கை விடுங்கள், வழக்கு தோற்பது ‘தள்ளுபடி’யில். சம்மனுக்கு முன்பே கம்ப்ளெயின்ட்டை மூடினால் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 203, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 226) தள்ளுபடி, ரிவிஷன் உண்டு. சாட்சியம் பதிந்தபின் குற்றச்சாட்டு வனைய இடமில்லை என்றால் (245, இப்போது 268) விடுவிப்பு, அதற்கும் ரிவிஷன். விசாரணை முடிந்து குற்றவாளி இல்லை என்றால் விடுதலை. அப்போது உயர் நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி பெற்று மேல்முறையீடு. ரிவிஷனுக்குக் கெடு 90 நாள். சிறப்பு அனுமதி கேட்க அரசு ஊழியருக்கு ஆறு மாதம். மூன்றுக்கும் ‘தள்ளுபடி’ என்று எழுதினால் கதவும் மாறும், கெடுவும் மாறும்.

இன்னொன்று. 203 தள்ளுபடியை எதிர்த்த ரிவிஷனில் எதிர்த்தரப்பையும் கேட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது. சம்மனே போகாத அவரை அங்கே ‘எதிர்மனுதாரர்’ என்பதே ஒழுங்கு.

கம்ப்ளெயின்ட்டுக்கு ‘புகார்’ வேண்டாம். போலீஸ் ஸ்டேஷன் நினைவுக்கு வரும். வெறும் ‘முறையீடு’ மேல்முறையீட்டோடு மோதும். ‘குற்றமுறையீடு’ எப்படி?
– ம.

குற்ற+முறையீடா, குற்றம்+உறையீடா? முறையிட்டதே குற்றம் என்றும் படிக்கலாம்.
– ஞா.

அப்படியானால் ‘தனிப்புகார்’. வழக்கறிஞர் வாயில் உள்ளது.
– செ.

கொடுப்பவர் அரசு அதிகாரி. அதில் ‘தனி’ எங்கே?
– ம.

சீராய்வு, தள்ளுபடி, விடுவிப்பு, விடுதலை, எதிர்மனுதாரர் முடிந்தன. கம்ப்ளெயின்ட்டுக்கு ‘குற்றமுறையீடு’ போடுகிறேன். மூவர் சரி என்றீர்கள், அதில் ஒருவர் அரைமனம். மெய்ப்பு நாளை வரும்.
– க.

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். உல்கு குறித்துத் தனி இழை தொடங்குகிறேன்.
– ஞா.