தள்ளுவண்டியில் தட்டு கழுவும் தண்ணீர்: குளோரின் எவ்வளவு?

கேள்வி: வண்டியில் குழாய் வசதி இல்லை. ஒரே வாளியில்தான் தட்டுகளை அலசுகிறோம். அதிலேயே குளோரின் திரவம் ஊற்றினால் போதுமா?

பதில் 1: போதாதுங்க, மூன்று வாளி வேணும். மிச்சத்தை வழித்துக் கொட்டிட்டு முதலாவதில் சோப்பு போட்டுத் தேய்ங்க, இரண்டாவதில் அலசுங்க. மூன்றாவதில் மட்டும் 5 சதவீதக் குளோரின் திரவம், 10 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. தட்டு முழுசா முங்கி ஒரு நிமிடம் இருக்கணும். எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும், கிருமி அப்படியே தங்கிடும்.

பதில் 2: அளவு சரி. பலர் கோட்டை விடுவது அதற்கப்புறம்தான்: ஈரத் தட்டைத் தோள் துண்டால் துடைப்பாங்க. தயவுசெய்து வேண்டாம். சாய்த்து வைங்க, தானே காயும்.

கேட்டவர்: தண்ணீரை எப்போ மாற்றணும்?

பதில் 1: கலங்கினா உடனே. வெயிலில் வீரியம் குறையும், நிழலில் வைங்க. குளோரின் அளவு காட்டும் சோதனைத் தாளில் 50 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) கீழே போனா கொட்டிடுங்க.