முதுமலையிலிருந்து வெளியேறும் கட்டை லாரிகள்: மக்களிடம் யார், எப்படிச் சொல்வது?

கூடலூரான்

முதுமலைப் புலிகள் காப்பகத்துச் சாலையில் கட்டை ஏற்றிச் செல்லும் லாரியைப் படம்பிடித்து, "புலிக்காட்டை மொட்டையடிக்கிறார்கள்" என்று யாரோ போட்ட காணொளி எங்கள் ஊர்க் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. லாரியில் போவது மஞ்சள் கொன்றை; தாவரவியலில் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மரத்தை அழகுக்கும் நிழலுக்கும் என்று கொண்டுவந்து நட்டார்கள். இன்று அது அடர்ந்து நிற்கும் இடத்தில் புல் தலைதூக்க முடியவில்லை. புல் போனால் மானும் காட்டெருமையும் எதை மேயும்?

அந்நிய மரங்களை அகற்றும் விவகாரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் விசாரித்து உத்தரவுகள் பிறப்பித்தது. தமிழக அரசும் 2022இல் அந்நியத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. வெட்டிய மரத்தைக் காகிதக் கூழுக்கு எடுத்துக்கொள்ள அரசின் காகித ஆலை நிறுவனமான டி.என்.பி.எல்.லுக்கு அனுமதியும் தரப்பட்டது. இவ்வளவும் கோப்பில் இருக்கிறது. லாரிக்குப் பின்னால் காரில் வருகிறவருக்குத்தான் ஒரு வரிகூடத் தெரியாது. அவர் சிறு வயதிலிருந்து படித்ததெல்லாம் 'மரம் வெட்டாதீர்' என்ற சுவரெழுத்து மட்டுமே. அவர் கொதிப்பதில் என்ன தவறு?

வெட்டும் முன்பே, சாலையோரத்திலேயே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. எந்த மரம், எதற்காக, எங்கே போகிறது, பணம் யாருக்குச் சேர்கிறது என்று காப்பகத்துக்குள் இருக்கும் தெப்பக்காட்டில் தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் பலகையில் எழுதி வைக்கட்டும்.

நீலமலை வாசகி

கூடலூரான் அவர்களே, மஞ்சள் கொன்றை போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'மரம் வெட்டாதீர்' என்ற அந்தச் சுவரெழுத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். கோடரிச் சத்தம் கேட்டால் ஊரில் நாலு பேர் எட்டிப் பார்ப்பது அந்த ஒரு வரியால்தான். உங்கள் கூடலூர்ப் பக்கத்திலேயே விலையுயர்ந்த ஈட்டி மரத்தைக் காப்பாற்ற 1994இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. "சில மரங்களை வெட்டலாம்" என்று பலகை வைத்த மறுநாள் ஈட்டியையும் வெட்டிக் கொன்றைக் கட்டைக்கு அடியில் போட்டு ஏற்றினால், நின்று கேட்க யார் இருப்பார்கள்?

இன்னொன்று, விற்பனை. ஆலைக்கு வேண்டியது பருத்த அடிமரம். விரல் பருமனுள்ள கன்றுகளை யார் பிடுங்குவார்கள்? இந்த மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டால், ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், ஒன்று இருந்த இடத்தில் பத்துத் துளிர் நிற்கும். விலை வைத்துவிட்டால் அது தீராமல் இருப்பதே சிலருக்கு லாபம்.

சவுக்குத் தோப்பு

அம்மா, நான் கடலூர் மாவட்டத்து விவசாயி. அந்தச் சுவரெழுத்தின் பாரத்தைச் சுமப்பது எங்களைப் போன்றவர்கள்தான். சவுக்கு எங்களுக்குப் பயிர். நட்டு மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டுகிறோம், மறுபடி நடுகிறோம். கம்பு கட்டுமானச் சாரத்துக்குப் போகிறது, கூழ்மரம் காகித ஆலைக்குப் போகிறது. எங்கள் வண்டியை மறித்து "காட்டை அழிக்கிறீர்களே" என்று கேட்டவர்கள் உண்டு. கரும்பு வண்டியை யாராவது அப்படி மறிப்பார்களா?

ஆலைகள் இயற்கைக் காட்டை நம்பாமல் விவசாயியிடம் மரம் வாங்க வேண்டும் என்றுதான் 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை சொல்கிறது. நீங்கள் பேசும் டி.என்.பி.எல்., கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கிய ஆலை. "ஒரு தாளைச் சேமித்தால் ஒரு மரம் பிழைக்கும்" என்று கடிதத்தின் அடியில் அச்சிடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? தாள் விற்காவிட்டால் நான் சவுக்கைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைப்பேன். அதனால் எந்தக் காட்டு மரமும் கூடுதலாகப் பிழைத்துவிடாது.

நீலமலை வாசகி

ஐயா, உங்கள் தோப்பைக் காடு என்று நான் சொல்லவில்லை. அரசுதான் சொல்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் பத்து சதவீதத்துக்கு மேல் மரக்கவிகையும் (மரங்களின் தலைப்பு மூடிய பரப்பு) இருந்தால், நிலம் யாருடையதானாலும், மரம் எதுவானாலும், அது வனப்பரப்பு. சவுக்கும் தென்னந்தோப்பும் சோலைக்காடும் ஒரே கூட்டலில் வருகின்றன. 2023ஆம் ஆண்டு அறிக்கையில் காடும் காட்டுக்கு வெளியே உள்ள மரங்களும் சேர்ந்து நாட்டின் பரப்பில் 25.17 சதவீதம் என்று வந்ததும் "காடு வளர்ந்தது" என்று பேச்சு எழுந்தது. இப்படிப் பேசிப் பழக்கிவிட்டு, பலகையை மட்டும் மக்கள் நம்புவார்கள் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்?

கூடலூரான்

இந்த இடத்தில் வாசகி சொல்வது முழுக்கச் சரி. அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. புல்லைக் கொன்ற கொன்றைப் புதரும் அந்தக் கணக்கில் பச்சைதான். அதை அகற்றிப் புல்வெளியை மீட்டால் வனப்பரப்பு குறைந்ததாகக் காட்டும். நல்ல வேலை செய்த அலுவலர் குறைந்த எண்ணோடு நிற்பார். அந்த எண்ணைப் பார்த்துப் பத்திரிகையில் என்ன தலைப்பு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கரிமூட்டம்

ராமநாதபுரத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கேட்கும் மக்கள் பிரசாரம் எங்கள் பக்கம் ஏற்கெனவே நடந்தது. 2017இல் சீமைக் கருவேலத்தை அகற்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, அது காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சிவிடும், அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் பரவியது. பொக்லைன் வைத்துச் சாய்த்தார்கள். அந்த முள்ளை வெட்டி, மூட்டம் போட்டு, கரி விற்றுச் சாப்பிடும் குடும்பங்களை யாரும் கேட்கவில்லை. அது அந்நிய மரம், கண்மாயை அடைத்துக்கொள்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மரத்தை எதிரியாக்கிப் பேசுவது ஆபத்து. மஞ்சள் கொன்றையை அரக்கனாக்கினால் நாளை யாராவது ஊரில் நிற்கும் சரக்கொன்றையை வெட்டிவிட்டுச் சேவை என்பார்கள்.

கூடலூரான்

அதனால்தான் பலகையில் படம் வேண்டும் என்கிறேன். சரக்கொன்றைப் பூ கீழ்நோக்கிச் சரமாகத் தொங்கும், இலை அகலம். மஞ்சள் கொன்றையின் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும், சிற்றிலைகள் சிறியவை, வரிசையாக நிறைய. ஒருமுறை காட்டினால் பள்ளிப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும்.

கரிமூட்டம் சொல்வதுபோல் பிழைப்பையும் சேர்த்தே பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மக்கள் காட்டில் பரவிய இன்னொரு அந்நியப் புதரான உண்ணிச்செடியின் தண்டை வளைத்து ஆளுயரத்துக்கு மேல் யானை செய்கிறார்கள். அவை வெளிநாட்டுக் கண்காட்சிகள் வரை போயின. பொருளையும் அது வந்த காட்டையும் ஒன்றாகக் காட்டியதால்தான், உண்ணிச்செடியை அகற்றுவது ஏன் என்று ஊரறியாதவர்களுக்கும் புரிந்தது.

நீலமலை வாசகி

யானையைச் செய்கிறவர் காட்டோடு வாழ்கிறவர். ஒப்பந்தக்காரர் அப்படியல்ல. சரி, பலகைக்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எத்தனை டன் போனது என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை அடிக்கட்டையை வேரோடு எடுத்தார்கள், அதே இடம் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் எப்படி இருக்கிறது என்று படத்தோடு போட வேண்டும். அதை வனத்துறை மட்டும் எழுதக் கூடாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. கணக்கை முதலில் அங்கே வாசிக்கட்டும், சபை சரி என்ற பிறகு பலகைக்கு வரட்டும். புலிகள் காப்பகத்து மரத்தை விற்பதை அப்போதும் நான் எதிர்ப்பேன்.

கூடலூரான்

விற்காமல் காட்டிலேயே குவித்தால் கோடையில் தீக்கு இரையாகும், அந்த வாதம் நமக்குள் தீராது. கிராம சபை யோசனையை ஏற்கிறேன். எங்கள் ஊர் அடுத்த சபையில் வைக்க இரண்டு கேள்விகளை எழுதிவிட்டேன்: இந்த ஆண்டு எங்கள் எல்லையில் எத்தனை அடிக்கட்டை பிடுங்கப்பட்டது, மரம் விற்ற பணத்தில் அந்த இடத்தில் புல்லும் நாட்டு மரமும் வளர்க்க எவ்வளவு ஒதுக்கப்பட்டது. பதில் எழுத்தில் வந்தால் இங்கே அப்படியே போடுகிறேன்.