தங்கையின் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு மலிவு விலை சூப்பர்மார்க்கெட்டில் என் தங்கை கேஷியராக இருக்கிறாள், கடை பெயர் வேண்டாம். ஆள் குறைவு, அதனால் லோரி வந்தால் கவுண்டரை விட்டு எழுந்து அரிசி மூட்டை, எண்ணெய்ப் பெட்டி எல்லாம் அவளே இறக்கி அடுக்க வேண்டும், அந்த நேரத்தில் அவள் கல்லாவில் வேறு யாராவது நிற்பார்கள். ஆனால் இரவு கணக்கில் காசு குறைந்தால் பிடிப்பது இவள் சம்பளத்தில்! சிலிப்பில் 'இதர பிடித்தம்' என்று ஒரே வரி.

1955 வேலைவாய்ப்புச் சட்டம் 24ஆம் பிரிவு அனுமதிக்கும் பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் முதலாளி இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. அப்புறம் வாரம் 45 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் தர வேண்டும், அதுவும் வருவதில்லை.

லேபர் ஆபிஸில் புகார் கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? சிலிப்பும் பஞ்ச் கார்டு படமும் போதுமா? வேலையில் இருந்துகொண்டே கொடுத்தால் நெருக்கடி வருமா? தோட்டத்திலிருந்து மோட்டாரில் போய்வரும் தூரத்தில் வேறு வேலை கிடைப்பது கஷ்டம், அதனால்தான் அவள் பயப்படுகிறாள். இன்பாக்ஸில் சொன்னாலும் சரி.