‘காலப்படம்’ போதுமா? க்ரோனோஃபோட்டோகிராஃபிக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் அசைவின் நிலைகளை அடுத்தடுத்துப் படமெடுக்கும் முறைதான் க்ரோனோஃபோட்டோகிராஃபி. அதற்குத் தமிழில் போன வாரம் அக்கா ‘காலப்படம்’ என்று எழுதியிருந்தார். சொல்ல எளிது, ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. மொரீசியஸில் பிரெஞ்சு நமக்குப் பழகிப்போனதால் ‘க்ரோனோ’ என்றதும் கை தானாகக் ‘காலம்’ என்று எழுதிவிடுகிறது. பாட்டியின் கல்யாணப் படமும் ஒரு காலத்தைக் காட்டுவதுதானே?

பெயர் வைக்குமுன் கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்போம். 1878இல் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் கலிபோர்னியாவில் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையை எடுத்தார். நான்கு குளம்பும் தரையை விட்டு எழும் கணம் அதில் அகப்பட்டது. அவை தனித்தனிப் படங்கள். பிரான்சின் உடலியல் அறிஞர் மாரே 1882இல் வேறு வழி கண்டார். பின்னால் கறுப்புத் திரை, முன்னால் வெள்ளை உடுத்தி நடக்கும் ஆள், துளையிட்ட சுழல்தட்டு வழியே விட்டுவிட்டு விழும் வெளிச்சம். ஒரே கண்ணாடித் தகட்டில் அந்த ஒருவர் பலராக நிற்பார். உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பியதால், பிறகு ஆளுக்குக் கறுப்பு உடை போட்டு, கை கால் நெடுக வெள்ளைப் பட்டை வைத்தார். உடல் மறைந்து நடை மட்டும் கோடுகளாக மிஞ்சியது. அந்தப் படங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதற்கு ‘அசைவடுக்கு’ என்பது என் பரிந்துரை. இலக்கணத்தில் படித்த அடுக்குத்தொடரை நினைத்துப் பாருங்கள். ‘வா வா வா’ என்பதைப் பிரித்தாலும் ஒவ்வொரு சொல்லும் பொருள் தரும். மாரேயின் தகட்டிலும் ஒவ்வொரு நிலையையும் தனியே பிரித்து அளக்கலாம். ஷட்டரை வெகுநேரம் திறந்துவைத்து எடுத்த படமோ ‘சலசல’ போல, இரட்டைக்கிளவி. பிரித்தால் ஒன்றும் நிற்காது.

தைப்பூசக் காவடியன்று இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்தேன். ஷட்டரைத் திறந்தே வைத்தபோது, சுழன்று ஆடியவரின் காவடி ஒரு மஞ்சள் வளையமாயிற்று. அழகுதான், ஆனால் ஆளைக் காணோம். அப்புறம், நடந்து வந்த ஒருவரைப் பக்கவாட்டில் அடுத்தடுத்து எட்டுப் படம் எடுத்துக் கணினியில் அடுக்கினேன். எந்த அடியில் பாரம் தோள் மாறியது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

——

அண்ணா, உவமை மனத்தில் நிற்கிறது. ஆனால் மைப்ரிட்ஜின் வரிசையையும் இதே பெயரில்தானே சேர்க்கிறார்கள்? மாரேயே துப்பாக்கி வடிவில் செய்த தன் கேமராவில் நொடிக்கு 12 படம் தனித்தனியாகத்தான் எடுத்தார். அவை அடுக்கு ஆகுமா? இன்னொன்று, என் மாணவர்கள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். அடுக்குத்தொடரை இன்னும் படிக்கவில்லை.

——

சரியான கேள்வி அக்கா. அப்படியானால் பொதுப்பெயர் ‘அசைவுத்தொடர்’ என்று இருக்கட்டும். ஒரே படத்தில் எல்லா நிலையும் விழுந்தால் மட்டும் ‘அசைவடுக்கு’. பிள்ளைகளுக்கு இலக்கணம் வேண்டாம், முதலில் மாரேயின் படத்தைக் காட்டுங்கள். அதன்பின் ‘காலப்படம்’, ‘அசைவடுக்கு’ இரண்டையும் சொல்லி, எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள்.