சீதனக் காணியும் கணவன் கையெழுத்தும்: கண்டவை, கையாண்டவை

தொடக்கி வைப்பவர்

ஆண், பெண் சமத்துவத்தைப் பொதுவாகக் கதைக்கத் தொடங்கினால் அது கோயில் வீதியில் இருந்து விடிய விடியக் கதைத்தாலும் முடியாது. அதனால் ஒரே ஒரு விசயத்தை எடுப்பம். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் தன் பெயரில் இருக்கிற காணியை விற்க, ஈடு வைக்க, குத்தகைக்குக் கொடுக்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசக் காணியை (பரம்பரையாக வந்த காணியை) விற்க மனைவியிடம் ஒரு சொல்லும் கேட்கத் தேவையில்லை. உறுதி (காணிப் பத்திரம்) முடிக்கிற இடத்தில், வங்கியில், நீதிமன்றத்தில் இது எப்படி வந்து நிற்கிறது, எங்கே பிழை வருகிறது, எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கோ. ஆம்பிளையளுக்கும் இதில் முறைப்பாடு இருக்கு. அதையும் எழுதுங்கோ.

நல்லூர்ப் பேனா

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட்டால் மீதி இலகு. தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். ஆனால் இன்றைக்கு உறுதி முடிக்கும்போது நாங்கள் பார்ப்பது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் அதற்கு 1947இல் வந்த 58ஆம் இலக்கத் திருத்தமும்தான்.

அதில் 6ஆம் பிரிவு, பெண் கலியாணத்தின்போது கொண்டு வந்ததும் பிறகு அவளுக்கு வந்து சேர்ந்ததும் அவளது தனிச்சொத்து என்கிறது. கணவனின் கடனுக்கு அதைப் பிடிக்கேலாது. அந்தக் காணியின் பயிர்ச்செய்கைக்கோ திருத்த வேலைக்கோ வரிக்கோ பட்ட கடனுக்கு மட்டும் விலக்கு. இவ்வளவும் நல்லது. அதே பிரிவின் அடுத்த வரியில்தான் சிக்கல். நகை, வங்கிப் பணம், வாகனம் போன்ற அசையும் சொத்தை அவள் தன் எண்ணப்படி கைமாற்றலாம். காணி, வீடு என்றால் கணவனின் எழுத்துச் சம்மதத்தோடு மட்டும். மரண சாசனம் எழுத மட்டும் சம்மதம் தேவையில்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு பரப்பு விற்க ஏலாதவள், செத்த பிறகு பதினாறு பரப்பையும் யாருக்கும் எழுதிவைக்கலாம்! ஆணுக்கு 7ஆம் பிரிவு. அதில் சம்மதம் என்ற பேச்சே இல்லை.

தெற்கில் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களுக்கு இந்தக் கட்டு 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டத்தோடு கழன்றது. அந்தச் சட்டம் தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழருக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கு.

இனி உறுதியில் வருகிற பிழைகள். அடிக்கடி வருவது, கணவனைச் சாட்சியாக மட்டும் கையெழுத்து வைக்க விடுவது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசுக்கும் உறுதிக்காரருக்கும் பக்கத்தில் இரண்டு சாட்சிகள் வேண்டும்தானே, ஒருவராகக் கணவன் நின்றால் போதும் என்று நினைக்கிறார்கள். சாட்சி என்பது கையெழுத்தைக் கண்டதற்கு அத்தாட்சி. சம்மதம் அதில் இருக்கா இல்லையா என்று பத்து வருசம் கழித்து ஒரு சட்டத்தரணி கேட்டால் பதில் சொல்லுறது கஷ்டம். கணவனை உறுதியில் ஒரு தரப்பாகவே சேர்த்து, 'மேற்படி விற்பனைக்கு எனது எழுத்துச் சம்மதத்தை இத்தால் தருகிறேன்' என்று வாசகம் வைத்து, சாட்சிக்கு வேறு இரண்டு பேரை நிறுத்துங்கோ.

இரண்டாவது, குத்தகை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் முடிக்க வேண்டியது. அதுவும் காணியைக் கையாளுவதுதான். அதற்கும் கணவன் கையெழுத்து வாங்குங்கோ. கடைக் கட்டடத்தை அஞ்சு வருசத்துக்குக் குத்தகை எழுதி, நடுவில் குடும்பத்தில் சச்சரவு வந்தவுடன் கணவன் வந்து 'நான் சம்மதிக்கேல்லை' என்பது இங்கே புதினம் இல்லை.

விவாகரத்து முடிந்தவர்களுக்கு ஒன்று. முதலில் வருவது தற்காலிகத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழித்து அது முடிவான தீர்ப்பாகும்வரை சட்டத்தில் அவர் கணவன்தான். அந்த மூன்று மாதத்துக்குள் முற்பணம் வாங்கி நாள் குறிக்க வேண்டாம்.

வடமராட்சி

தங்கச்சிமார் இதைக் கட்டாயம் வாசியுங்கோ. ஆர் ஆரைக் கட்டினால் என்ன நடக்கும் எண்டதும் அதே 1911 சட்டத்திலை 3ஆம் பிரிவிலை கிடக்கு. தேசவழமைக்கு உட்பட்ட பொம்பிளை அதுக்கு உட்படாத வெளியாளைக் கட்டினால், அந்தக் கலியாணம் இருக்கும்வரை அவவுக்குத் தேசவழமை இல்லை. மட்டக்களப்போ மலையகமோ, வெளியாலை இருந்து ஒரு பொம்பிளை யாழ்ப்பாணத்தானைக் கட்டினால் அவ தேசவழமைக்கு உள்ளை வந்திடுவா. ஆம்பிளைக்கு ஆரைக் கட்டினாலும் ஒண்டும் மாறாது. பதுளையிலை தன்ரை பேரிலை ஒரு வீடு வைச்சிருந்த பிள்ளை இங்கை கலியாணம் கட்டி வந்தால், அந்த வீட்டை விக்கவும் மனுசன்ரை கையெழுத்துக்கு நிக்கவேணும். அந்தப் பிள்ளையளுக்கு இது ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறேல்லை.

இன்னொண்டு, காணி வடக்கிலை இருந்தால்தான் எண்டு நினைக்கிறவை கன பேர். இது ஆளோடை போற சட்டம். வெள்ளவத்தையிலை தொடர்மாடி வீடு வாங்கினாலும் ஆள் யாழ்ப்பாணத்து ஆளெண்டால் நொத்தாரிசு கேப்பார், கேக்கவும் வேணும்.

கரவெட்டிக் கணக்கு

ஆண்கள் பக்கத்து முறைப்பாட்டை ஒருவராவது ஒழுங்காக எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணோடு போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டு வளவுக்குப் போகிறார். வெளிநாட்டில் உழைத்த காசைக் கொட்டி அந்த வளவில் மாடி கட்டுகிறார். காணி யாருக்கோ கட்டடமும் அவருக்கே என்பதுதான் பொது விதி. பிரச்சினை வந்தால், 'கல்லும் மண்ணும் என்ர காசு' என்று சொல்ல அவர் கையில் ஒரு துண்டும் இராது. இதற்குச் சட்டத்தை மட்டும் திட்டிப் பயனில்லை, காகிதம் எழுதாததுதான் பாதிக் காரணம். கட்டத் தொடங்கும் முன் செய்யக்கூடியது: வளவில் ஒரு பங்கைப் பிரித்து அளந்து, வரைபடம் எடுத்து, அந்தத் துண்டைக் கணவன் பெயருக்கோ இருவர் பெயருக்கோ மாற்றுவது. அது சங்கடம் என்றால், போட்ட காசுக்கு ஈட்டு உறுதி. அதுவும் முடியாது என்றால், கட்டுமானக் காசை வங்கி வழியாக அனுப்பி, ஒப்பந்தக்காரரின் பற்றுச்சீட்டைத் தன் பெயரில் வாங்கி வைப்பது. இது மற்ற இரண்டும் போல உறுதியானது இல்லை, ஆனால் வெறுங்கையை விடப் பரவாயில்லை.

அடுத்தது டொனேசன். சீதன உறுதி பெண்ணின் பெயரில் முடியும், நகை அவள் கழுத்தில் இருக்கும். டொனேசன் மட்டும் காசாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும், போன காசு அவரின் தங்கச்சியின் சீதனமாகும். கொடுத்ததற்குச் சீட்டு இல்லை, வாங்கினதற்கும் இல்லை. மாப்பிள்ளையின் பெயரில் பேசப்பட்டு அவர் கையில் ஒரு சதமும் தங்காத காசு இது. பிறகு மனைவி வீட்டார் 'இவ்வளவு வாங்கினவர்' என்று ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவது அவரை. பெண் வீட்டுக்கு என் யோசனை: டொனேசன் என்று கேட்டால் அதைப் பெண்ணின் வங்கிக் கணக்கில் வைப்பாகப் போடச் சொல்லிப் பேசுங்கள். பல சம்பந்தம் அந்த இடத்திலேயே குழம்பும். குழம்பினால் குழம்பட்டும்.

தாபரிப்பில் (வாழ்க்கைச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தில்) ஒரு தகவல், பலருக்குத் தெரியாது. 1889ஆம் ஆண்டுச் சட்டத்தில் கணவன் மனைவிக்குக் கொடுப்பது மட்டும்தான். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில் வாழ்க்கைத்துணை என்ற சொல்தான் இருக்கிறது. தன்னைத் தாபரிக்க இயலாத கணவனும் வசதியுள்ள மனைவிமீது நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். வெட்கத்தில் எவரும் போவதில்லை என்பது வேறு கதை.

தென்மராட்சித் தென்னை

கணக்கு அண்ணை சொன்ன டொனேசன் கதை முழுக்கச் சரி. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நிறை என்று தராசு பிடிக்க வேண்டாம். ஆம்பிளைக்குக் காகிதம் எழுதாமல் விட்டதால் நட்டம். பொம்பிளைக்கு எல்லாக் காகிதமும் ஒழுங்காக இருந்தும் கையெழுத்து இல்லாமல் நட்டம்.

நாவற்குழி

கணவன் வெளிநாட்டில் என்றால் என்ன செய்வது என்று பலர் கேட்பதால் இது.

அவர் வர ஏலாவிட்டால் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பலாம். அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டோ, அங்குள்ள நொத்தாரிசு முன் வைத்துத் தூதரகத்தில் உறுதிப்படுத்தியோ அனுப்ப வேண்டும். பிழை வருவது வாசகத்தில். வழமையாக வருகிற தத்துவத்தில் 'எனது ஆதனங்களைப் பராமரிக்க, விற்க, ஈடு வைக்க' என்று இருக்கும். அது அவருடைய சொத்துக்கு. மனைவியின் காணிக்கு அவர் கொடுக்க வேண்டிய சம்மதம் அதில் வராது. 'எனது மனைவி இன்னாரின் தனிச்சொத்தான, கீழே அட்டவணையில் விபரித்த காணியை அவர் அறுதியாக விற்பதற்கு 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் என் சார்பில் எழுத்தில் சம்மதம் தர' என்று தனியாக எழுத வேண்டும். அட்டவணையில் காணியின் பெயர், பரப்பு, குழி, நான்கு எல்லை, முந்திய உறுதி இலக்கம் எல்லாம் வரவேண்டும். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் விவாகப் பதிவில் உள்ள பெயரும் ஓர் எழுத்துப் பிசகினாலும் இரண்டும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். தத்துவத்தை இங்கே பதிந்த பிறகுதான் உறுதி. வாங்குபவர் அவசரப்பட்டாலும் அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கணவன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத வீடுகள்தான் கடினம். போரில் காணாமற்போனவர்களின் மனைவிமாருக்கு வங்கியில் ஈடு வைக்கப் போனவுடன் முதல் கேள்வியே 'கணவன் கையெழுத்து?'. மரணச் சான்றிதழ் எடுக்க 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் இருக்கிறது. அதை எடுத்தால் அவர் இறந்தார் என்று தானே ஒப்புக்கொண்டதாகும் என்று பலர் எடுக்க மறுக்கிறார்கள், அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. 2016இல் 16ஆம் இலக்கத் திருத்தம் வந்த பிறகு, இறந்ததாகச் சொல்லாமல் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் எடுக்கலாம்.

காணிச் சம்மதத்துக்கு நேரான வழி 1911 சட்டத்தின் 8ஆம் பிரிவு. கணவன் கைவிட்டுப் போனாலோ, இருவரும் இணங்கிப் பிரிந்திருந்தாலோ, அவர் நெடுங்காலச் சிறையில் இருந்தாலோ, சித்தசுவாதீனம் இழந்தாலோ, இருப்பிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மனைவி பிள்ளைகளின் நலன் கேட்டாலோ மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை தரலாம். மனுவும் சத்தியக்கடதாசியும் கொடுத்துச் சுருக்க நடைமுறையில் போவது. கொண்டுபோக வேண்டியவை: விவாகச் சான்றிதழ், காணி உறுதி, காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவுப் பிரதி, நில அளவை வரைபடம், விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், காணாமற்போனது பற்றிய பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி அல்லது செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, எதற்கு விற்கவோ ஈடு வைக்கவோ வேண்டும் என்பதற்கு ஆதாரம் (பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதி, வைத்தியசாலை மதிப்பீடு). கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 'காசு தேவை' என்று ஒரு வரி எழுதினால் போதாது, என்ன தேவை, எவ்வளவு என்று காட்ட வேண்டும். வாங்குபவரோடு விலை பேசி முற்பணம் வாங்கிய பிறகு மனுப் போடுவதும் வேண்டாம், கட்டளை எப்போது வரும் என்று யாரும் நாள் குறித்துத் தர ஏலாது.

வலிகாமம் வாசகி

இதை அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாமே? அரசியலமைப்பில் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று இருக்குத்தானே?

நல்லூர்ப் பேனா

12(2)இல் இருக்கு. நாலு உறுப்புரை தள்ளிப் போய் 16(1)ஐயும் வாசியுங்கோ. 1978 அரசியலமைப்பு வரும்போது இருந்த எழுதிய, எழுதாத சட்டமெல்லாம் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று அங்கே எழுதியிருக்கு. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையில் இலங்கை 1981இல் சேர்ந்த பிறகும் இந்தப் பிரிவு அசையவில்லை. ஆகவே நீதிமன்றம் அடிச்சுப் போடாது, பாராளுமன்றம் திருத்தினால்தான் உண்டு. 'தேசவழமையைத் தொட்டால் தமிழரின் அடையாளத்தைத் தொட்டது' என்று ஒரு கூட்டம் உடனே எழும்பும். கணவன் சம்மதம் என்ற வரியை எழுதினது 1911ஆம் ஆண்டுச் சட்டவாக்க சபை, எங்கட பூட்டன் இல்லை என்று அவர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது.

திருத்தலாம் என்பதற்கு உதாரணமும் பக்கத்திலேயே இருக்கு. கிளிநொச்சியில் குடியேற்றத் திட்ட அனுமதிப்பத்திரக் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ் வரும். பின்னுரித்தாளர் (தனக்குப் பிறகு காணியைப் பெறுபவர்) நியமிக்காமல் இறந்தால் மகளுக்கு முன் மகன் என்று அதன் அட்டவணையில் கிடந்தது. 2022இல் 11ஆம் இலக்கச் சட்டத்தால் மாற்றினார்கள். எவருடைய அடையாளமும் போகவில்லை.

வடமராட்சி

பேனா, சீதன உறுதி எழுதேக்கை கவனிக்க வேண்டியதையும் போட்டு விடுங்கோ. இந்த ஆவணி, தையிலை நிறையக் கலியாணம் வருது.

நல்லூர்ப் பேனா

சுருக்கமாக. உறுதி மகளின் பெயரில் மட்டும் இருக்கட்டும். 'மகளுக்கும் மருமகனுக்கும்' என்று மரியாதைக்கு எழுதினால் மருமகனுக்கும் பங்கு போய்விட்டது, பிறகு அது சீதனம் என்று வாதாடி வேலையில்லை. மகள் ஏற்றுக்கொண்டதாக அந்த உறுதியிலேயே கையெழுத்து வைக்க வேண்டும். தாய் தகப்பன் ஆயுள் உரித்து வைத்துக்கொண்டால் அதை எழுதுங்கோ, வாய்ப் பேச்சு வேண்டாம். தாயின் காணியைச் சீதனமாகக் கொடுத்தால் அங்கேயும் தகப்பனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், இதை மறந்து முடித்த உறுதிகள் ஊருக்கு ஊர் கிடக்கு.

சீதனக் காணியை விற்று வேறு காணி வாங்கினால், புது உறுதியில் விலைப்பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வசனம் சேர்க்கச் சொல்லுங்கோ: 'இன்ன இலக்க உறுதிப்படி விற்ற எனது சீதனக் காணியின் பணத்திலிருந்து.' 1947 திருத்தத்தின்படி தனிச்சொத்தின் காசில் வாங்கினது தேடியதேட்டம் (கலியாண காலத்தில் தேடிய சொத்து) ஆகாது. அந்த வசனம் இல்லாவிட்டால் கலியாணத்துக்குப் பிறகு வாங்கினது என்ற ஒரே காரணத்தால் தேடியதேட்டம் என்று எடுப்பார்கள், ஒருவர் இறந்தால் கணக்கே மாறும். வங்கியில் காசு போட்ட, எடுத்த துண்டுகளை உறுதியோடு சேர்த்தே வையுங்கோ.

கலியாணத்துக்கு முந்தி விற்கிற எண்ணம் இருந்தால் எழுத்துக்கு (விவாகப் பதிவுக்கு) முதல் விற்றுவிடுங்கோ. எழுத்து முடிந்த பிறகு விற்கப் போனால் புது மாப்பிள்ளையும் பேனையோடு வரவேண்டும்.