வாரத்துக்கு ஒரு மணி நேரம் உழைத்தால் வேலையில் இருப்பவரா? 3.2 சதவீதம் என்று மார்தட்டுகிறவர்களுக்கு

கொள்ளிடத்தான்:
நாட்டு நடப்பு இழையில் சீனு எழுதியதைப் படித்த எரிச்சலில்தான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். "இந்தியாவில் வேலையின்மை 3.2 சதவீதம்தான். வேலை இல்லை என்று புலம்புகிறவர்களுக்கு உடம்பு வளையவில்லை, அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறார்.

அந்த 3.2 எப்படி வந்தது தெரியுமா? பிஎல்எஃப்எஸ் என்று மத்தியப் புள்ளியியல் துறை நடத்துகிற தொழிலாளர் ஆய்வில், கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும். அவர் வேலையில் இருப்பவர். எங்கள் தெருவில் ஒரு பையன் பி.இ. மெக்கானிக்கல் முடித்தவன். முகூர்த்த நாளில் பந்தல்காரரோடு போய் நாற்காலி இறக்கிப் போடுவான். அவனும் இந்தக் கணக்கில் வேலை பார்க்கிறவன். இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு ஊரில் உள்ள பிள்ளைகளைச் சோம்பேறி என்கிறீர்கள்.

சீனு_சிங்கை:
நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். 2017-18இல் 6.1, 2023-24இல் 3.2. பாதியாகக் குறைந்திருக்கிறது. இது அரசாங்கம் வெளியிட்ட எண். டெல்டாவில் நாற்று நட மேற்கு வங்காளத்திலிருந்து ஆள் வருகிறது. உங்கள் மெக்கானிக்கல் தம்பியை அந்த வேலைக்குப் போகச் சொல்லுங்கள்.

கணக்கர்_மதுரை:
புள்ளியியல் துறையில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இங்கே பலருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே இப்படி எழுதுகிறார்கள்.

கொள்ளிடத்தான், "ஒரு மணி நேரம்" என்பது தில்லியில் யாரோ இரவோடு இரவாகக் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. 1982இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 13ஆவது புள்ளியியல் மாநாட்டில் ஏற்றுக்கொண்ட வரையறை. உலகத்தில் பெரும்பாலான நாடுகள் இதைத்தான் பின்பற்றுகின்றன. ஒரு மணி நேரத்தோடு நாங்கள் எழுந்து வந்துவிடுவதும் இல்லை. ஏழு நாளில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார், இன்னும் வேலை கிடைத்தால் பார்க்கத் தயாரா என்று தனித்தனியாகக் கேட்டுப் பதிகிறோம். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர் இங்கே யார்?

மலர்விழி_கோவை:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். அந்த ஒரு மணி நேர விதி, கடந்த ஏழு நாளை மட்டும் பார்க்கிற வார நிலைக் கணக்குக்கு உரியது. நீங்கள் சண்டை போடுகிற 3.2 வழக்கமான நிலைக் கணக்கு. அதில் பார்ப்பது கடந்த 365 நாள். வருடத்தில் பெரும்பகுதி என்ன செய்தார் என்பதும், அது போக 30 நாளுக்குக் குறையாமல் துணையாக ஏதாவது வேலை பார்த்தாரா என்பதும்தான் அங்கே கேள்வி. 2023-24க்கு வார நிலையில் 4.9 சதவீதம். ஒரே அறிக்கையில் இரண்டு எண்களும் இருக்கின்றன. 2025 மே முதல் மாதாமாதம் வருவதும் வார நிலைதான். முதல் மாதமான ஏப்ரலுக்கு 5.1. எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையும்.

கொள்ளிடத்தான்:
மலர்விழி, அது இருக்கட்டும். ஒரு மணி நேரம் என்ற விதி இருக்கிறதா இல்லையா? இருக்கிறது என்று கணக்கர் சாரே ஒப்புக்கொண்டுவிட்டார். அதுதான் என் கேள்வி.

கணக்கர்_மதுரை:
ஒப்புக்கொள்ள இதில் என்ன இருக்கிறது? குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன்தான் ஒப்புக்கொள்வான். மலர்விழி அவர்களே, வழக்கமான நிலை, வார நிலை எல்லாம் நான் புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் எடுத்த விஷயம். இங்கே பேச்சு ஒரு மணி நேர விதி சரியா தவறா என்பது. சரி என்கிறேன்.

பட்டதாரி_விழுப்புரம்:
அமெரிக்காவில் வீட்டுத் தொழிலில் சம்பளம் இல்லாமல் கூட நிற்கிறவர்களை வாரத்துக்கு 15 மணி நேரம் இருந்தால்தான் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று படித்தேன் சார். இங்கே மட்டும் ஏன் ஒரு மணி நேரம்?

கணக்கர்_மதுரை:
தம்பி, பாதியைப் படித்திருக்கிறீர்கள். அந்த 15 மணி நேரம் சம்பளமில்லாத குடும்ப உழைப்பாளிக்கு மட்டும். கூலி வாங்குகிறவருக்கு அங்கேயும் ஒரு மணி நேரம்தான்.

கொள்ளிடத்தான்:
தம்பி கேட்டதும் சம்பளமில்லாதவர்களைப் பற்றித்தானே சார்? சரியான இடத்தில் கை வைத்துவிட்டான் என்றதும் கூலிக்காரர் பக்கம் தாவுகிறீர்கள். வேலையில் இருப்பவர்களில் வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாமல் கூட நிற்கிறவர்கள் 2017-18இல் 13.6 சதவீதம். 2023-24இல் 19.4. சுயதொழில் என்று மொத்தமாகப் பார்த்தால் 52.2 இருந்தது 58.4. மாதச் சம்பளக்காரர் பங்கு 22.8இலிருந்து 21.7. பெருகினது எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

என் அண்ணி வீட்டில் இரண்டு கறவை மாடு. காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுவது, தீவனம் வைப்பது, தொழுவம் கழுவுவது எல்லாம் அவர்தான். பால் பணம் அண்ணன் கணக்கில் ஏறுகிறது. அண்ணி கையில் பத்து ரூபாய் வராது. டிகிரி படித்தவர். பக்கத்து டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு அலைந்து ஓய்ந்து போனார். ஆய்வுக்கு வந்த பெண் அவரைக் குடும்பத் தொழிலில் உதவியாளர் என்று எழுதிக்கொண்டு போனார். வேலை இல்லாதவர் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. அண்ணிக்கு என்ன கிடைத்தது?

கணக்கர்_மதுரை:
இதற்கு நான் விரிவாகவே பதில் சொல்கிறேன். நீளம் என்று குறை சொல்கிறவர்கள் தாண்டிப் போகலாம்.

ஒரு கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறேன். வீட்டுக்காரர் முந்திக்கொண்டு சொல்கிறார்: "அவ சும்மா வீட்டுலதான் இருக்கா." அந்த அம்மா கதவுப் பக்கம் நிற்கிறார், கையில் சாணி காய்ந்து ஒட்டியிருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதினால் எனக்கு ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். எழுதவில்லை. மாடு யார் பார்க்கிறார், பாலை யார் கொண்டு போய் ஊற்றுகிறார், களை எடுக்கும்போது வயலுக்கு யார் போவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் அந்த அம்மாதான். அப்புறம்தான் வீட்டுக்காரர் வாயை மூடினார். அவர் உழைப்பை நாடு பதிய வேண்டாம் என்கிறீர்களா? முன்பெல்லாம் பெண்கள் உழைப்பு கணக்கிலேயே வரவில்லை என்று எழுதிக் குவித்தார்கள். இப்போது வருகிறது. வேலை பார்க்கிற அல்லது தேடுகிற பெண்களின் பங்கு 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்தது 2023-24இல் 41.7 ஆனதும் அதையும் மோசடி என்கிறார்கள். எதைச் செய்தாலும் உங்களுக்குத் திருப்தி இல்லை.

2022இல் ரேஷன் அட்டை இழையிலும் கொள்ளிடத்தான் இப்படித்தான் பேசினார். கடைசிவரை பதில் சொல்லவில்லை. நான் மறக்கவில்லை.

கொள்ளிடத்தான்:
ரேஷன் அட்டை இங்கே எங்கே வந்தது? அதில் பதில் சொல்லாமல் போனது நீங்கள். போய்ப் படித்துப் பாருங்கள்.

அந்த அம்மா உழைக்கிறார், யார் இல்லை என்றார்? பதியுங்கள், தாராளமாகப் பதியுங்கள். பதிந்துவிட்டு, "பார், எல்லோருக்கும் வேலை கொடுத்துவிட்டோம்" என்று மேடையில் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். 2023-24இல் 64.33 கோடிப் பேர் வேலையில் இருந்தார்கள் என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சர் சொன்னாரே, அதில் என் அண்ணியும் ஒருவர். அவருக்கு யார் கொடுத்த வேலை அது? அவர் மாமியார் கொடுத்தது.

சீனு_சிங்கை:
வேலை தானாக வராது, தேடிப் போக வேண்டும்.

பட்டதாரி_விழுப்புரம்:
தேடித்தான் போகிறோம் அண்ணே. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்தது 6,244 இடம். விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். தேடாதவர்கள் இருபது லட்சம் பேர் பணம் கட்டி, போட்டோ எடுத்து, ஹால் டிக்கெட்டோடு காலை எட்டு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் நிற்பார்களா? நான் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன். பதிந்து ஐந்து வருடம் ஆனால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. 600 ரூபாய்க்கு விழுப்புரத்தில் ஹாஸ்டல் மெஸ்ஸில் எத்தனை நாள் சாப்பிடலாம்?

சீனு_சிங்கை:
குரூப் 4 எழுதுகிறவர்களில் தனியார் வேலையில் இருந்துகொண்டே எழுதுகிறவர்கள் ஏராளம். அரசு வேலைதான் வேலை என்று உட்கார்ந்திருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

கணக்கர்_மதுரை:
இதில் சீனு சொல்வது சரி. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டை வேலையின்மைக் கணக்காக எடுக்கக் கூடாது. படித்துக்கொண்டிருப்பவரும் அதில் இருப்பார், வேலையில் இருப்பவரும் இருப்பார், கடை வைத்து நன்றாக இருப்பவரும் சீனியாரிட்டி போய்விடும் என்று புதுப்பித்துக்கொண்டே இருப்பார்.

மலர்விழி_கோவை:
15 முதல் 29 வயதுக்காரர்களை மட்டும் தனியாகப் பாருங்கள். இதே வழக்கமான நிலையில் 2023-24இல் 10.2 சதவீதம். 2017-18இல் அது 17.8 இருந்தது. குறைந்திருப்பதும் உண்மை, மொத்த எண்ணைப் போல மூன்று மடங்கு இருப்பதும் உண்மை. பட்டதாரி தம்பி கேட்பதற்குப் பதில் அந்த எண்ணில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இல்லை.

கொள்ளிடத்தான்:
ஒரு மணி நேரத்தில் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அடித்தளமே அதுதான். இன்னொன்றும் கேட்கிறேன். 6.1 என்ற அறிக்கையை 2019 தேர்தல் முடியும்வரை ஏன் பூட்டி வைத்தார்கள்? அதற்காகத்தானே பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் அந்த ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து விலகினார்கள்? பத்திரிகையில் கசிந்த எண் மே 31 அன்று அப்படியே வெளிவந்தது. கணக்கர் சார் அன்று எங்கே இருந்தார்?

கணக்கர்_மதுரை:
நான் எங்கே இருந்தேன் என்று கேட்க நீங்கள் யார்? அறிக்கையை எப்போது வெளியிடுவது என்பது மேலே உள்ளவர்கள் முடிவு. எண்ணை எடுத்தது கீழே வெயிலில் அலைந்தவர்கள். நீங்களே சொல்கிறீர்கள், கசிந்த எண்ணும் வெளிவந்த எண்ணும் ஒன்று என்று. அப்படியானால் களத்தில் எடுத்த எண்ணில் யாரும் கை வைக்கவில்லை என்று ஆகிறதா இல்லையா? உங்கள் வாயாலேயே எனக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டு என்னையே குற்றம் சொல்கிறீர்கள்.

உண்மையான குறை எங்கே இருக்கிறது தெரியுமா? கிராமங்களைத் தேர்ந்தெடுக்க இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2021இல் நடக்க வேண்டியது நடக்கவில்லை. அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அதை விட்டுவிட்டு ஒரு மணி நேரம், ஒரு மணி நேரம் என்று.

சீனு_சிங்கை:
அருமை சார். நல்லாட்சி நடந்தால் எண் தானாகக் குறையும். அது பொறுக்காதவர்கள்தான் இப்படிக் குதிக்கிறார்கள்.

பட்டதாரி_விழுப்புரம்:
இவ்வளவு நல்லாட்சி என்றால் நீங்கள் ஏன் அண்ணே சிங்கப்பூரில் இருக்கிறீர்கள்? நாற்று நட ஆள் கேட்கிறார்களாம். வாங்களேன்.

சீனு_சிங்கை:
அது என் சொந்த விஷயம். மட்டுறுத்துநர் கவனிக்கவும்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். இரண்டு தரப்புக்கும் சொல்கிறேன்.

கொள்ளிடத்தான்:
"உடம்பு வளையவில்லை" என்று ஊரையே சொன்னது தனிப்பட்ட தாக்குதல் இல்லையா? அதற்கு எச்சரிக்கை எங்கே?

கணக்கர்_மதுரை:
சீனு, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். களப்பணியாளர் எடுத்த எண்ணை உங்கள் கட்சிக் கொடியில் கட்டாதீர்கள். என் பதிவுக்குக் கீழே "நல்லாட்சி" என்று எழுத உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

சீனு_சிங்கை:
உங்களுக்கு ஆதரவாகத்தானே சார் பேசினேன்.

கணக்கர்_மதுரை:
எனக்கு ஆதரவாக யாரும் பேச வேண்டாம். 2011-12இல் 2.2 சதவீதம் என்று எடுத்ததும் இதே துறைதான். அப்போது ஆட்சி வேறு. அந்த எண்ணை "காகிதப் பொய்" என்று நீங்கள் இதே தளத்தில் எழுதியது இன்னும் அழியாமல் இருக்கிறது. எடுத்துப் போடட்டுமா?